எழுதிவிட்டேன் என்று சொன்ன டிஸ்க்

மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையை அந்த வீட்டில் யாரும் அறை என்று சொல்வதில்லை. பொந்து என்பார்கள். துடைப்பம், கிழிந்துபோன ஈயக் கவச அங்கி, கால் உடைந்த ஸ்டூல் இவற்றோடு ஸ்கேன் சென்டரின் சர்வரும் அங்கேதான் குடித்தனம் செய்தது. கீழ்த்தளம் முழுக்க ஸ்கேன் சென்டர், மேல்தளம் வீடு. மழை இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று வானம் போக்குக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பொந்துக்குள் கையை விட்டால் அடுப்புக்குள் விட்டது போலிருக்கும்.

வீட்டு மருமகள் சின்னவள் மாடியில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கீழேயிருந்து புருஷன் குரல் கேட்டது.

"மறுபடியும் நின்னுடுச்சு! வா சீக்கிரம்!"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் படியிறங்குவதற்குள், சர்வருக்குள் ஓடிக்கொண்டிருந்த விசிறிகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. பொந்து வாசலில் அவன் விரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது.

"பவரை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணாம? ஸ்க்ரீன் செத்துக் கிடக்குது. ஹால் முழுக்க ஜனம். அக்கா உள்ளேயிருந்து கத்துறா."

"நான் படியில இறங்கிட்டுத்தானே இருந்தேன்? அதுக்குள்ள என்னங்க தலை போற அவசரம்?"

ஸ்கேன் மெஷினை ஓட்டுவது அவன் வேலை, அதில் கெட்டிக்காரன். படுக்க வைக்கும் நோயாளியின் பயத்தைப் பேச்சிலேயே பாதி இறக்கிவிடுவான். தன் அக்கா கத்தினால் மட்டும் அவனுக்குக் கை கால் ஓடாது.

அக்காதான் அங்கே எல்லாம். படம் பார்த்து நோய் சொல்லும் டாக்டர். சின்னவளுக்கு அண்ணி. அவர்களுடைய அப்பா, ஒற்றை எக்ஸ்ரே மெஷினை வைத்துக் கடையை ஆரம்பித்தவர், இப்போது காது மந்தமாகி வரவேற்பு மேசையில் டோக்கன் கூப்பிடுகிறார். கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்த்த சின்னவள், வந்த நாளிலிருந்து இங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறாள். பார்க்கிறாள் என்றால், எதைச் செய்யலாம் என்று கேட்டாலும் கூடாது என்பாள். அதனால் அண்ணி அவளுக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. வீட்டில் பாதிப் பேச்சு அந்தப் பெயரில்தான் நடக்கும்.

கேஷ் என்று ஒரு வேக டிஸ்க்கைச் சர்வரில் சேர்த்த விவகாரத்திலும் அப்படித்தான் நடந்தது. படங்களைச் சேர்த்து வைக்கும் பெரிய டிஸ்க்குகள் பழசு, மந்தம். ஒரு நோயாளியின் படத்தைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது என்று அண்ணி புலம்ப, சர்வீஸ்காரர் விரல் நீளத்தில் ஒரு வேகமான டிஸ்க்கைக் கொண்டுவந்தார். எதைக் கேட்டாலும் "பத்து நிமிஷம்தான் மேடம்" என்பதால் அவருக்குப் பெயரே பத்துநிமிஷம். சின்ன டிஸ்க் முன்னால் நிற்கும், பெரியவை பின்னால் இருக்கும். ஸ்கேனர் படத்தை நீட்டினால் சின்னது வாங்கிக்கொண்டு, "எழுதிவிட்டேன்" என்று உடனே சொல்லிவிடும். பிறகு சாவகாசமாகப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"அப்படி வேணாம் அண்ணி. ரெண்டு இடத்துலயும் எழுதி முடிச்சப்புறம் எழுதியாச்சுன்னு சொல்லட்டும். படிக்கிறதுக்கு மட்டும் சின்னதை வச்சுக்கலாம்" என்று சின்னவள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"எழுதறது மந்தமாவே இருந்தா அப்புறம் எதுக்கு அந்த டிஸ்க்கு? நெத்தியில ஒட்டிக்கவா?"

புருஷன் முட்டையை உரித்துக்கொண்டே அக்கா பக்கம் சாய்ந்தான். மாமாவுக்குக் காது கேட்காததால் அவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். சின்னவள் தோற்றாள். போதாததற்கு, ஸ்கேனரின் சொந்த டிஸ்க் நிரம்பி வழிந்ததால், சர்வர் "எழுதிவிட்டேன்" என்றதும் ஸ்கேனர் தன்னிடமுள்ள படத்தை அழித்துவிட வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று.

இப்போது அந்தச் சர்வர் மறுபடி எழும்பி, முழுசாக எழ மறுத்து, கறுப்புத் திரையில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது: எந்தப் படம் எங்கே என்ற கேஷின் உள்கணக்கு சிதைந்திருக்கிறது, பெரிய டிஸ்க்குகளோடு சேர்க்க முடியாது.

"காலையிலேருந்து யாருக்கெல்லாம் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"முதல்ல அந்த லாரிக்காரர் சம்சாரம்."

சின்னவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி மாடி வரைக்கும் கேட்டிருந்தது. தலைவலி என்று வந்தவள். மருந்து ஏற்றிப் படம் எடுத்ததும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்துப்போக, அண்ணிதான் ஊசி போட்டு மீட்டாள். இன்னும் உள் அறைக் கட்டிலில் படுத்திருக்கிறாள். அந்த மருந்தை இனி அவள் உடம்பில் ஏற்ற முடியாது, அதனால் படத்தை மறுபடி எடுக்கவும் முடியாது.

பத்துநிமிஷம் வந்துசேர்ந்தார். திரையைப் பார்த்தார், சட்டைக் காலரைத் தூக்கிக் கழுத்துக்குள் ஊதிக்கொண்டார்.

"ஒண்ணும் பயப்பட வேணாம் மேடம். கேஷைக் கழட்டி விட்டுட்டு பெரிய டிஸ்க்கை மட்டும் வச்சு எழுப்பிடலாம். பத்து நிமிஷம்தான்."

"செய்யுங்க" என்றாள் அண்ணி. கழுத்தில் கண்ணாடி ஆடியது. "பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து சர்ஜன் லைன்லயே நிக்கிறாரு. தலையில ரத்தக்குழாய் ஒண்ணு பலூன் மாதிரி உப்பியிருக்கு, படம் ஓடும்போதே பார்த்தேன். அளவு எடுக்கல. அளவில்லாம அவர் கை வைக்க மாட்டாரு."

"செய்யக் கூடாது" என்றாள் சின்னவள்.

பத்துநிமிஷம் நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஆரம்பிச்சிட்டியா?"

"அண்ணி, அந்தப் படம் பின்னால போய்ச் சேர்ந்திருக்கான்னு தெரியாது. ஸ்கேனர் மூச்சு விடாம தள்ளிட்டே இருந்தா, சின்ன டிஸ்க்குக்கு வாங்கத்தான் நேரம் இருந்திருக்கும், கொண்டுபோய்ப் போட நேரமே இருந்திருக்காது. இப்ப கழட்டிட்டுப் பெரிய டிஸ்க்கை எழுப்பினா, அது பாட்டுக்கு எழுத ஆரம்பிக்கும். அப்புறம் ரெண்டையும் எந்தக் காலத்திலயும் ஒட்ட வைக்க முடியாது."

"போயிருக்கும்மா, எடுத்து ரொம்ப நேரமாச்சே" என்றார் பத்துநிமிஷம். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

"போயிருக்கும்னா போதுமா சார்? எனக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க அண்ணி."

"சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு டைம் இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

அண்ணி கேட்டதில் தப்பே கிடையாது. அது சின்னவளுக்கும் தெரியும். ஆனாலும் குனிந்து சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கினாள், பக்கவாட்டு மூடியைத் திறந்தாள், ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி அந்த விரல் நீள டிஸ்க்கை உருவினாள். சூடு சுரீரென்றது. பொறுக்க முடியாமல் கை மாற்றி, முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"இதை நான் யார்கிட்டயும் குடுக்கப் போறதில்ல. என்னை வீட்டை விட்டுத் துரத்தணும்னாலும் நாளைக்குத் துரத்துங்க."

"பார்த்தியாடா உன் பொண்டாட்டியை?" என்று அண்ணி தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"இன்னும் ஒண்ணு. ஸ்கேனை நிறுத்துங்க. இருக்கறதை மீட்கிற வரைக்கும் புதுசா ஒண்ணும் எடுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

அடுக்களை மேசையில் காய்கறிக் கூடையைத் தள்ளிவிட்டு லேப்டாப்பை வைத்தாள். டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கும் அலுமினியக் கூட்டுக்குள் பொருத்திக் கேபிளை மாட்டினாள். முதலில் பிரதி எடுக்க வேண்டும். அசலின் மேல் ஒரு எழுத்துகூட விழக் கூடாது. என்ன சோதனை செய்தாலும் பிரதியின் மேல்தான். பிரதி ஓட ஆரம்பித்தது. அவள் களைந்து வைத்த அரிசியை அடுப்பில் ஏற்றினாள். எத்தனை பேர் சண்டை போட்டாலும் மதியம் பசிக்கும்.

முதலில் புருஷன் வந்தான். தண்ணீர் குடித்தான். இன்னொரு தம்ளர் குடித்தான்.

"அக்கா சொல்றதையும் யோசிச்சுப் பாரேன்."

"யோசிச்சேன்."

"ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும்."

"விடியட்டும். பொந்துல ஒரு ஃபேன் வைங்கன்னு எத்தனை நாளா கேட்கறேன்? அது வச்சீங்களா? வெங்காயத்தை நறுக்கிக் குடுங்க, சும்மா நிக்காம."

அவன் நறுக்கினான்.

அடுத்து மாமா மூச்சிரைக்க ஏறி வந்தார். "கீழ ஜனமெல்லாம் கேட்குதும்மா, என்ன சொல்றது?" என்று கத்தினார். அவருக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

"உள்ளதைச் சொல்லுங்க மாமா. படம் வச்சிருக்கிற டிஸ்க் பழுது, இன்னிக்கு எடுக்க முடியாதுன்னு."

"என்னது, பழம் எடுக்க முடியாதா?"

"பழுது! பழுது!"

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிய அதே நேரத்தில் லேப்டாப் டொங்கென்றது. பிரதி பாதியில் நின்றிருந்தது. டிஸ்க்கையே காணோம் என்றது திரை. கேபிளைத் தொட்டாள், சரியாக இருந்தது. கூட்டைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல் கொதித்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளாகச் சர்வர் ஏன் நிற்கிறது என்று புது மென்பொருளைச் சந்தேகப்பட்டாள், மெமரியைச் சந்தேகப்பட்டாள், ஒயரைக்கூடச் சந்தேகப்பட்டாள். இந்த டிஸ்க் அவள் கண் முன்னாலேயே சூடு தாங்காமல் மயங்கி விழுந்திருக்கிறது. பொந்துக்குள்ளும் இதே கதைதான் நடந்திருக்கிறது. முன்னால் நிற்பவன் மயங்கினால் பின்னால் இருக்கும் எல்லாம் காத்துக் காத்து உறைந்துபோகும்.

"என்ன சிரிக்கிற?" என்றான் புருஷன் வெங்காயக் கண்ணீரோடு.

"திருடனைப் பிடிச்சிட்டேன். அந்த இரும்பு வாணலியை எடுங்க, கனமானதை."

வாணலியைக் கவிழ்த்து, கூட்டை அதன் முதுகில் வைத்தாள். இரும்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். மேசை விசிறியைத் திருப்பினாள். விசிறிக்குக் கழுத்து உடைந்திருந்தது. விட்டால் தலை தொங்கிப் போய்த் தரைக்குக் காற்று வீசியது.

அப்போதுதான் வாசலில் யாரோ கனைத்தார்கள். காக்கிச் சட்டை, கையில் செருப்பு. லாரிக்காரர்.

"முட்டுக்கட்டைங்கறது நீங்கதானாம்மா?"

"நான்தாண்ணே."

"என் சம்சாரத்தோட படத்தை நீங்க கைக்குள்ள மூடி வச்சிட்டுத் தர மாட்டேங்கறீங்கன்னு கீழ பேசிக்கறாங்க."

குரலில் அதட்டல் இல்லை. ஆனால் செருப்பைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. சின்னவள் விலகி நின்று வாணலியைக் காட்டினாள்.

"அதோ அதுக்குள்ளதான் இருக்கணும். இருக்கும்னு நினைக்கறேன். உறுதியா இருக்குன்னு சொன்னா பொய் சொன்னவளாயிடுவேன்."

"கீழ இருக்கறவரு பத்து நிமிஷத்துல எடுத்துடலாம்னாரே?"

"பத்து நிமிஷத்துல மெஷினை எழுப்பலாம்ணே. படம் அதுல வராம போயிடலாம். அப்படி ஒரு தடவ போச்சுன்னா போனதுதான். இது லேட்டாகும். ஆனா இருந்தா கிடைக்கும்."

அவர் வாணலியைப் பார்த்தார், அதன் மேல் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார், தொங்கிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தார்.

"இஞ்சின் சூடேறினா நாங்களும் ஓரங்கட்டிட்டு உக்காந்துதான் ஆகணும். ஓட்டிப் பார்த்தவனுக்கு இஞ்சினே போயிடும்" என்றவர் செருப்பை வாசலில் போட்டார். "இதை இப்படிப் பிடிச்சா போதுமா?"

விசிறியின் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிரதி மறுபடி ஓடத் தொடங்கியது. சின்னவள் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் வேண்டாமென்றார். புருஷன் விசிறியை வாங்கிக்கொண்டான், அவர் சாப்பிட்டார். பிறகு அவன் சாப்பிட்டான், அவர் பிடித்துக்கொண்டார். விசிறியைப் பார்த்தபடியே அவர், "அவ ரொம்பப் பேசுவா. இன்னிக்குத்தான் வாயே திறக்கல" என்றார்.

அதற்கு நடுவில் அண்ணி வந்தாள். வாசலிலேயே நின்றாள். லாரிக்காரர் விசிறி பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "சர்ஜன் தியேட்டரைத் தயாரா வச்சிருக்காரு. அவளை ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டேன். படம் பின்னாலேயே வருதுன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். பிறகு லாரிக்காரரிடம், "நீங்களும் கிளம்புங்க, அவங்க கூட இருக்கணும்" என்றாள்.

"அவ தம்பி கூட ஏறியிருப்பான் டாக்டரம்மா. நான் படத்தோடதான் போவேன்" என்றார் அவர், விசிறியை விடாமல்.

பிரதி முடிந்தது. சின்னவள் கீழே பொந்துக்குள் போய் உட்கார்ந்தாள். பெரிய டிஸ்க்குகளை முழுசாகப் பிரதி எடுக்க நேரம் இல்லை. அதனால் அவற்றைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டி, எழுதுவதெல்லாம் தனி டிஸ்க் ஒன்றில் விழும்படி ஏற்பாடு செய்தாள். பிரதியில் இருந்த கேஷின் உள்கணக்கைப் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டினாள். ஒரு தடவை தோற்றது. கட்டளையில் டிஸ்க்கின் பெயரை மாற்றி அடித்திருந்தாள். அது அசலாக இருந்திருந்தால்? நல்லவேளை, பிரதி. வியர்வை கண்ணுக்குள் இறங்க, இன்னொரு பிரதி எடுத்து நிதானமாக மறுபடி அடித்தாள். இந்தத் தடவை கேஷ் எழுந்தது. பெரியதோடு சேர்ந்தது.

"வாங்க அண்ணி" என்றாள்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உடைந்த கால் கிறீச்சிட்டது. தலையின் படங்கள் ஒவ்வொன்றாக உருண்டன. கழுத்துப் பக்கம் வந்ததும் சில இடங்களில் வெறும் கறுப்பு. அண்ணி மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள்.

"இதோ இருக்கு. வேண்டிய இடம் முழுசா இருக்கு." அளவு எடுத்தாள். சீட்டில் குறித்தாள். "பெரிய டிஸ்க்ல மட்டும் பாரு, இது இருக்கா?"

சின்னவள் கேஷ் இல்லாமல் திறந்து காட்டினாள். அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொந்து வாசலில் நின்ற பத்துநிமிஷம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். படங்கள் சர்ஜனுக்குப் போயின. லாரிக்காரர் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையிலெடுத்துக்கொண்டே ஓடினார்.

அத்தோடு முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு எடுத்தவர்களின் படங்கள் எங்குமே இல்லை. ஒரு கொத்தனாரின் முதுகு, பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் வயிறு, இன்னும் ஒன்றிரண்டு. கடைசியாக வந்ததையெல்லாம் எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டு டிஸ்க், நிலையாக எழுதாமல் தற்காலிக நினைவில், மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மின்சாரம் போனதும் அதுவும் போயிற்று. அந்தச் சொல்லை நம்பி ஸ்கேனரும் தன் பங்கை அழித்திருந்தது.

"படம் தெளிவா விழல, மறுபடி எடுக்கணும்னு சொல்லிடலாம்" என்றாள் அண்ணி. அசதியில் குரல் தேய்ந்திருந்தது.

"தெளிவாத்தான் விழுந்துச்சு. நாமதான் தொலைச்சோம்."

"அதை அப்படியே சொன்னா நாளைக்கு யாரு உள்ள வருவா? அப்பா காலத்துலேருந்து கட்டின பேரு."

"இன்னொரு தடவ அவங்க உடம்புல கதிர் இறங்கப் போகுது அண்ணி. ஏன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"நீ சொல்லக் கூடாது. சொல்றேன், கேளு."

சின்னவள் கேட்கவில்லை. எழுந்து நேராக ஹாலுக்குப் போனாள். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு முன்னால் நின்றாள். தலை கலைந்திருந்தது, புடவையில் மசாலாக் கறை. மாமா டோக்கன் மைக்கை அவளிடம் நீட்டினார், அவள் வாங்கவில்லை.

"காலையில எடுத்த படங்கள்ல சிலது எங்க சர்வர்ல தொலைஞ்சு போச்சு. மெஷின் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. எங்க தப்பு. மறுபடி எடுக்கறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. வேற இடத்துக்குப் போறதானாலும் சீட்டு எழுதித் தர்றோம்."

"அப்ப என் முதுகு உங்ககிட்ட இல்லையா?" என்றார் கொத்தனார்.

"இல்லண்ணே."

"என்கிட்டதான் இருக்கு. வலி அப்படியே இருக்கே." யாரோ சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, பொறுப்பில்லாதவர்கள், படித்தவர்களா நீங்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். சின்னவள் முழுசாக வாங்கிக்கொண்டாள். டீச்சர் சீட்டை வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார். கொத்தனார் மறுபடி படுத்துக்கொள்ள ஒப்பினார். கதவுக்குப் பின்னால் நின்று அண்ணி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் அன்று சின்னவளோடு அதற்கு மேல் பேசவில்லை.

லாரிக்காரரின் மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பேச ஆரம்பித்துவிட்டாளாம், நிறுத்த முடியவில்லையாம்.

அடுத்த வாரம் மழை வந்தது. பொந்துக்குக் கதவில் காற்றுத் துளைகளும் ஒரு விசிறியும் வந்தன. ஸ்கேனர் தன் படங்களை மறுநாள் வரைக்கும் அழிக்காமல் வைத்திருக்கும்படி சின்னவள் மாற்றினாள். எழுதுவது எல்லாம் பெரிய டிஸ்க் வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகே "எழுதிவிட்டேன்". வேலை மந்தமாயிற்று. சர்ஜன்கள் போனில் முணுமுணுத்தார்கள். பத்துநிமிஷம் புது டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது கரண்ட் போனாலும் கையில இருக்கறதை எழுதி முடிச்சிட்டுத்தான் மேடம் தூங்கும். உள்ளேயே அதுக்குத் தெம்பு சேர்த்து வச்சிருக்கும்."

"எல்லா டிஸ்க்கும் அப்படித்தான் சொல்லும் சார்" என்றாள் சின்னவள். "ஒரு தர்பூசணி வாங்கிட்டு வாங்க."

பழத்தை நோயாளியைப் போலப் படுக்க வைத்தார்கள். மாமா தன் பங்குக்கு, "அடுத்தது தர்பூசணி!" என்று மைக்கில் கூப்பிட்டார். படங்கள் ஓட ஓட, ஸ்கேனர் எவற்றுக்கெல்லாம் "எழுதியாயிற்று" என்ற பதிலைப் பெறுகிறது என்று புருஷன் பார்த்துக்கொண்டிருந்தான். நட்ட நடுவில் சின்னவள் சர்வரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"ஐயோ!" என்றார் பத்துநிமிஷம்.

எழுப்பிப் பார்த்தார்கள். எழுதியதாகச் சொன்ன படங்களில் கடைசிச் சில வரிகள் இல்லை.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அவர் முகம் சுருங்க எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வேறொன்றோடு வந்தார். இந்தத் தடவை வழக்கமான பத்து நிமிஷத்தை அவர் வாயிலெடுக்கவே இல்லை. மறுபடி தர்பூசணி, மறுபடி பிளக். எழுப்பினார்கள். எல்லாம் இருந்தது. இன்னொரு தடவை பிடுங்கினாள். எல்லாம் இருந்தது.

"போதும்மா, நல்ல டிஸ்க்குதான்" என்றான் புருஷன்.

அண்ணி எப்போது வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. பொந்துக்குள் தலையைக் குனிந்து வந்தவள், சின்னவளைத் தோளால் நகர்த்தினாள்.

"தள்ளு. எடுக்கச் சொல்லு அந்தப் பழத்தை இன்னொரு தடவ."

ஸ்கேனர் முனகத் தொடங்கியது. அண்ணி மண்டியிட்டு, பிளக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். படங்கள் வேகமெடுத்ததும் ஒரே இழுப்பு. விசிறிகள் அடங்கின. வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி மாட்டி, சர்வர் எழும்வரை அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். திரையில் பழம் வந்தது. அதன் ஒவ்வொரு வெட்டையும் மேலிருந்து கீழ்வரை, நோயாளியின் தலையைப் பார்ப்பது போலவே நிதானமாகப் பார்த்தாள். விதைகள் எல்லாம் அவற்றின் இடத்தில் இருந்தன.

பத்துநிமிஷம் பையை மூடப் போனார்.

"இருங்க சார், எங்க போறீங்க?" என்றாள் அண்ணி, பிளக்கின் மேல் மறுபடி கையை வைத்துக்கொண்டு. "இன்னும் நம்பிக்கை வரல எனக்கு."